பிரேக் இல்லாத ஈஸ்ட்

சாந்தமேரி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பதினோராம் வகுப்போடு, படிப்பை நிறுத்திவிட்டு, அதே ஊரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். பதினோரு வருடம் அங்கே ஈஸ்ட் வளர்த்தாள். ஒரு தட்டைக்கூடக் கெடுத்ததில்லை. அவளுக்கு மேலே டாக்டர் கனகலிங்கம். மனுஷனுக்கு லண்டன் பட்டம் இருந்தது, பட்டு டை இருந்தது, கண் மட்டும் இல்லை.

1984இல் அவர் ஊனமான ஒரு ஈஸ்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஈஸ்ட் செல்லுக்குள் ஒரு பிரேக் உண்டு. வெளியே சாப்பாடு இருக்கிறது என்ற சேதி கைமாறிக் கைமாறி உள்ளே வந்தால்தான் அந்தப் பிரேக் விடுபடும், செல் பெருகும். இந்த ஈஸ்ட்டில் சேதியைக் கடத்தும் மரபணு பழுது. முப்பத்தேழு டிகிரி சூட்டில் சேதி உள்ளே வராது. சாப்பாட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பட்டினி கிடக்கும்.

ஒருநாள் அந்தச் சூட்டிலும் தட்டில் ஏழு புள்ளிகள் வளர்ந்திருந்தன. கனகலிங்கத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உம்முடைய கை சுத்தமில்லை. வெளி ஈஸ்ட் விழுந்திட்டுது. வீட்டிலே தோசைமாவைக் கரைச்சுப்போட்டு அப்பிடியே வந்தீரோ?"

"இல்ல டாக்டர், கலரைப் பாருங்க. நம்ம ஈஸ்ட்தான் ரோஸ் கலர்ல வரும். வெளியிலேர்ந்து விழுந்தா வெள்ளையா இருக்கும்லா. இது ஏழும் ரோஸ். உள்ள வேற ஒரு ஜீன் மாறியிருக்கு. பிரேக்கே போயிருச்சுன்னா சேதி எதுக்கு?"

அவள் சொன்னதுதான் சரி. ஒரு மரபணுவின் பழுதை இன்னொரு மரபணுவின் மாற்றம் அமுக்கிவிடும். அதற்கு சப்ரெஸர் என்று பெயர். சேதி எந்த வழியாகப் போகிறது, பிரேக் யார் கையில் இருக்கிறது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். அதைத் தேடித்தான் இந்த மகானுக்கு மாதாமாதம் சம்பளம்!

"நீர் எனக்குப் படிப்பிக்கிறீரோ?" என்றார் மகான்.

மறுநாளே அவளுடைய சர்வீஸ் ஃபைலில் ஒரு கடிதம் ஏறியது: 'கை சுத்தமில்லாதவர்.' பாட்டில் கழுவி, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கொப்பரையில் வேகவைக்கும் அறைக்கு மாற்றல். அந்தக் கடிதம் இருக்கும்வரை எந்த ஆய்வகமும் அவளைச் சேர்க்காது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்தில் ஆள் இருப்பதையும் பார்க்காமல் அழுதாள்.

ஆனால் தட்டை அவள் விடவில்லை. வாராவாரம் பல்குச்சியால் தொட்டு, அந்த ஏழு புள்ளிகளையும் புதுத் தட்டில் கோடாக இழுத்துவைத்தாள். சாதாரண ஈஸ்ட் சாப்பாடு தீர்ந்தால் சுருண்டு படுத்துவிடும். பிரேக் போனதற்கு நிற்கத் தெரியாது. தீர்ந்த பிறகும் ஓடி ஓடியே சாகும்.

நாலு மாதம் கழித்து, அதே மாதிரி ஈஸ்ட்டைப் பற்றி வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. அச்சில் பார்த்தால்தான் ஐயாவுக்கு அறிவு வரும். பாட்டில் அறைக்கு ஓடிவந்து பம்மினார்.

"சாந்தமேரி அம்மா, அந்த ஏழு..."

"மொதல்ல லெட்டரை எடுங்க டாக்டர்."

அவரே போய் ஃபைலிலிருந்து உருவிவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் ஒரு தட்டைக் கொடுத்தாள்.

"வாராவாரம் புதுத் தட்டுல இழுக்கணும். சும்மா வச்சா செத்துப்போயிரும்."

"எனக்குத் தெரியும்."

என்ன தெரியும், மண்ணாங்கட்டி! யாராவது திருடிவிடுவார்கள் என்று தட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பினாங்கு மாநாட்டில் தன் கண்டுபிடிப்பு என்று பீற்றினார். அப்படியே குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போனார். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் ஒரு செல்கூட உயிரோடு இல்லை.

அன்று மத்தியானமே ஃபைலுக்குப் புதுக் கடிதம்: 'உதவியாளர் கொடுத்தது கெட்ட தட்டு. கை சுத்தமில்லை.' ஆபீஸ் கிளார்க் இராஜம்மா அதைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தபோது, சாந்தமேரியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். சாந்தமேரி பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் காலை கனகலிங்கம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னொரு தட்டு வைச்சிருப்பீர்தானே? நேற்றைய கடிதத்தைப் பற்றி யோசியாதையும். அது சும்மா ஃபார்மாலிட்டி."

சாந்தமேரி கையுறையைக் கழற்றினாள்.

"இருந்துச்சு டாக்டர். கையெழுத்துப் போட்ட கையோட ஆட்டோகிளேவ்ல வச்சு வேகவச்சிட்டேன். ஏழு புள்ளியையும். இப்ப ரொம்பச் சுத்தமா இருக்கு, வந்து பாக்கிறீங்களா?"