உயிரோடு இருப்பவனுக்கு ஒரு கற்குவியல்

எங்கள் ஊரிலிருந்து படவேட்டுக்கு இறங்கும் பாதையில், ஒரு வளைவில் கற்குவியல் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் சாமைக் கொல்லைகளைக் கொளுத்திய காட்டிலாகா துரையை அங்கேதான் வெட்டிப் போட்டார்கள். அந்த வழியே போகும்போது ஆளுக்கொரு கல் எறிந்து, காறித் துப்பிவிட்டுத்தான் போவோம்.

அவனைக் கொன்றது சரியா என்று எங்கள் வீட்டில் ஓயாத சண்டை.

"பாம்ப அடிச்சா பாவமா தங்கச்சி?" என்பார் மாமா.

"அவன் ஒருத்தனுக்கு நம்மாளுங்க நாலு பேர வெள்ளக்காரன் தூக்குல போட்டானே. அவனுக்குக் கல்லு போடற, அந்த நாலு பேருக்கு இன்னா போட்ட நீ, அண்ணா?" என்பாள் அம்மா. அவள் மட்டும் கல் எறிந்ததே இல்லை.

போன ஐப்பசி வரை எனக்கு இதில் அக்கறை இல்லை. நுகத்தடிக்கு ஒரு கிளை வெட்டினான் என்று என் அண்ணனை பாரஸ்ட் கார்டு பூட்ஸ் காலால் நெஞ்சில் மிதித்தான். மூன்றாம் நாள் அண்ணன் ரத்தம் கக்கிச் செத்தான். மரத்திலிருந்து விழுந்தான் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். அம்மா கைநாட்டு வைத்தாள்.

காரியம் முடிந்ததும் அருவாளைத் தீட்டினேன். கார்டு வாரத்துக்கு ஒருமுறை தனியாக அந்தப் பாதையில் ஏறுவான். குவியலுக்குப் பின்னால் புதரில் உட்கார்ந்தேன். துரையைக் கொன்றது சரிதான் என்பதில் அன்றைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கும் இல்லை.

வந்தான். நாங்கள் கல் போடுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான் போல. பூட்ஸைக் கழற்றினான். ஒரு கல்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குவியல் மேல் மெல்ல வைத்தான்.

"கொழந்தைக்கு ஜொரம் எறங்கணும் சாமி."

சிரித்துவிட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினான்.

"இன்னாமே இங்க பண்ற? அருவா எதுக்கு?"

"நீ கும்பிட்டது இன்னா சாமி, தெரியுமா?"

"மலை சாமிதானே?"

"உன்ன மாதிரி ஒரு பாரஸ்ட்காரன். எங்காளுங்க வெட்டிப் போட்ட எடம். நாங்க துப்பற எடம்யா அது."

என் கையைப் பார்த்தான். பூட்ஸைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு கீழே ஓடினான். இரண்டு எட்டில் பிடித்திருக்கலாம். அந்த நாலு பேரோடு ஐந்தாவதாக நானும் போய்விட்டால் அம்மாவுக்குச் சாமை குத்தக்கூட ஆள் இருக்காது. அது ஒன்றுதான் என்னை நிறுத்தியது.

ஒரு கல் எடுத்தேன். துரை மேல் போடவில்லை. கார்டு நின்று கும்பிட்ட இடத்தில் எறிந்தேன். மறுநாளும் எறிந்தேன். மாமா காரணம் கேட்டார், அவரும் எறிந்தார். பிறகு ஊரே எறிந்தது. தை பிறப்பதற்குள் முழங்கால் உயரம் வந்துவிட்டது. கார்டு இப்போது அமிர்தி பக்கமாகச் சுற்றி, துணைக்கு இரண்டு பேரோடு வருகிறானாம். குழந்தை பிழைத்துக்கொண்டது என்றார்கள். பிழைக்கட்டும். அதற்கு நான் கல் போடவில்லை.

நேற்று அம்மாவும் நானும் புளி விற்க இறங்கினோம். வழக்கம்போல் துரை குவியலை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்னக் குவியலுக்கு முன்னால் நின்றாள். கூடையை இறக்கி வைத்தாள். கைக்குக் கிடைத்த கல்லைக் கீழே போட்டுவிட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்றைத் தேடினாள்.