ஓடிபி சொல்லும் அப்பா

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டி, விடுதிப் பிள்ளைகளைப் பெட்டி படுக்கையோடு ஊருக்கு அனுப்பிய கொஞ்ச நாளில் நூலகத்தையும் ஆன்லைன் ஆக்கிவிட்டார்கள். நாமக்கல்லைச் சுற்றியுள்ள பெரிய விடுதிப் பள்ளிகளில் ஒன்று அது. நான் அங்கே நூலகர். பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே செல்போனில் புத்தகம் எடுத்துப் படிப்பதற்காக ஓர் ஆப் வாங்கினார்கள். வாங்கும்போது என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கிய பிறகு, அதைப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையை மட்டும் அப்படியே என் தலையில் கட்டினார்கள்.

அந்த ஆப்பைச் செய்தவன் எங்கள் பக்கத்துக் குடும்பங்களைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டான். ஒரு புத்தகம் எடுக்க வேண்டுமானால், பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த அப்பாவின் நம்பருக்கு ஓர் ஓடிபி போகும். பத்து நிமிடத்துக்குள் அந்த எண்ணைப் போட்டால்தான் புத்தகம் திறக்கும். பிள்ளை இருப்பது வீட்டில், அம்மாவின் போனோடு. அப்பா இருப்பதோ லாரியில், இல்லாவிட்டால் போர்வெல் போடுகிற ரிக் வண்டியில், இரண்டு மூன்று மாநிலம் தாண்டி. பல வீடுகளில் அம்மாக்களே கூப்பிட்டு எண்ணை வாங்கிக்கொண்டார்கள். அது முடியாத வீடுகளுக்கு நான்தான் கூப்பிட்டேன். ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று பேங்க்குகள் ஊருக்கெல்லாம் ஓதி வைத்திருந்த சமயம். நான் கூப்பிட்டு ஓடிபி கேட்டால் என்ன ஆகும்? ஒரு லாரி டிரைவர் என் குரலை ஸ்பீக்கரில் போட்டு, "டேய், இந்தப் பொம்பள எம்பட காச அடிக்கப் பாக்குதுடா" என்று கூட இருந்தவர்களுக்குக் காட்டிச் சிரித்தார். நூலக அறிவியலில் முதுகலை படித்ததற்கு நல்ல மரியாதை.

அப்படிப்பட்ட வீடுகளில் ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு. மோகனூர்ப் பக்கத்தில் தன் மாமாவின் கோழிப்பண்ணையில், அம்மாவோடு இருந்தாள். முதல் தடவை என்னைக் கூப்பிட்டபோதே, "அப்பா நம்பர் எங்க போன்ல போகாதுங்க மிஸ். நீங்க கேட்டுச் சொல்றீங்களா?" என்றாள். அப்பா சத்தீஸ்கர் பக்கம் ரிக் வண்டியில் டிரில்லர். காட்டுக்குள் டவர் கிடைத்திருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன். ரிக் வண்டி ஓடுகிற வீடுகளில் டவர் இல்லை என்பது தினசரிப் பேச்சு. எனக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. "சொல்லுங்க டீச்சர்" என்றார். பின்னால் கம்ப்ரஸர் சத்தம் காதைப் பிளந்தது. அவர் நடந்து தள்ளி வந்து, எண்ணை ஒவ்வொன்றாக, தப்பாகிவிடுமோ என்ற பயத்தோடு சொன்னார். பிறகு, "என்ன புத்தகமுங்க?" என்றார். பெயரைச் சொன்னேன். "பெரிய புத்தகமுங்களா?" ஆமாம் என்றேன். "சின்னச் சின்னதா எடுத்துக்கச் சொல்லுங்க டீச்சர். பாப்பா கண்ணு கெட்டுப் போயிருமுங்க."

நான் ஆத்தூர்க்காரி. எங்கள் பக்கத்தில் வார்த்தைக்கு வார்த்தை இப்படி ‘ங்க’ போட மாட்டார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு இளகிவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த ஊரில் சண்டையே நடக்காது போலிருக்கிறது என்று வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்தப் பெண் சின்னப் புத்தகங்களாகவே எடுத்தாள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும். மற்ற பிள்ளைகள் மாதத்துக்கு ஒன்று எடுப்பதே பெரிய பாடாக இருக்கும்போது, இவள் இரண்டு நாளுக்கு ஒருமுறை கேட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் அவளைப் பற்றிச் சொல்லி, நூலகம் வீண் செலவு என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை அடைத்தேன்.

ஆனால் நாள் போகப் போக, எண்ணைக் கேட்டதும் போனை வைக்க அவளுக்கு மனசு வருவதில்லை.

"அப்பா வேற ஏதாச்சும் சொன்னாங்களா மிஸ்?"

"என்ன சொல்வார்? நம்பரைச் சொன்னார். பத்து நிமிஷம்தான் இருக்கு, முதல்ல அதைப் போடு."

"குரல் எப்படி இருந்துச்சுங்க?"

நான் எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகுதான் மண்டையில் உறைத்தது. வீட்டில் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை; அந்த நம்பரையே அம்மா பிளாக் பண்ணி வைத்திருக்கிறார். இந்தப் பிள்ளைக்குத் தன் அப்பாவிடமிருந்து வந்து சேர்வது அந்த ஓடிபி மட்டும்தான். சின்னப் புத்தகம் எதற்கு என்பதும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரியவர்கள் சண்டையில் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று, முகம் தெரியாத அந்த அம்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது.

அதற்குப் பிறகு என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எண்ணோடு ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொண்டுபோனேன். பாப்பா கணக்கில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. அங்கே நல்ல மழை. பாப்பா வளர்ந்துவிட்டாள், பழைய சுடிதார் எதுவும் சேர்வதில்லை. இதைச் சொன்னபோது அவர், "நீங்க நல்லா இருக்கோணுமுங்க" என்றார். நான் மிகப் பெரிய காரியம் செய்துகொண்டிருப்பதாகவே நம்பினேன்.

ஒரு நாள் மத்தியானம் எண்ணை வாங்கிக்கொண்டு கூப்பிட்டேன். எடுத்ததும் "ஹலோ" என்ற குரல் அவளுடையது போலவே இருந்தது. "எழுதிக்கோ" என்று எண்ணைச் சொல்லிவிட்டு, "அப்பா உன்னைத் தலைக்கு எண்ணெய் வெச்சுக்கச் சொன்னார். முடி கொட்டுதுன்னு நீ சொன்னியே, அதுக்கு" என்றேன். கோழிகளின் கூச்சல் மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது.

மறுநாள் அந்த அம்மா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். நாங்கள் முறை வைத்துப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தோம். பிள்ளைகள் இல்லாத நூலகத்தில் நான் தனியாக இருந்தேன். வந்து சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து, நானும் நாலு வார்த்தை கேட்டுவிடுவதென்று தயாராகவே இருந்தேன். அவர் உட்காரக்கூட இல்லை.

"உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாது" என்றார். வலது கையை மேசைமேல் வைத்தார். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. "இத நீட்ட முடியாதுங்க. முட்டை அட்டையத் தூக்கறதுக்கு இன்னும் ஒரு ஆளு கூட வேணும். எங்கண்ணன் பண்ணைங்கறதால வெச்சிருக்காங்க."

"அவரா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவருதானுங்க."

"அவர் எவ்வளவு மரியாதையா..."

"ஊருக்கே அப்படித்தானுங்க பேசுவாரு. எங்கிட்ட மட்டுந்தான் அந்த ‘ங்க’ இருக்காது."

பாப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"அவ கண்ணு முன்னாலதானுங்க முறிச்சாரு. அப்பா வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பான்னு கால்ல உழுந்து கும்பிட்டா. அப்பறமும் அவளுக்கு அப்பா வேணும். நான் என்னங்க பண்ணட்டும்? இன்னிக்கு எண்ணெ வெக்கச் சொல்லுவாரு, நாளைக்கு அம்மாவக் கூட்டிட்டு வாம்பாரு. அவ கூப்புட்டா நான் போயிருவேனுங்க டீச்சர். ஏற்கெனவே ரெண்டு வாட்டி அப்படிப் போனவதானுங்க."

நம்பரை மாற்றச் சொன்னார். அப்போதே மாற்றினேன். அப்பா நம்பர் இருந்த இடத்தில் அம்மா நம்பர். அவ்வளவுதான் வேலை. கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டார். "அவரு உங்களக் கூப்புடுவாரு. கூப்புட்டாருன்னு கூட பாப்பாகிட்டச் சொல்லீராதீங்க. அவரு தேடறாருன்னு தெரிஞ்சா அவ இங்க நிக்க மாட்டா." சொல்ல மாட்டேன் என்றேன். அந்தக் கையைப் பார்த்த பிறகு வேறென்ன சொல்வது?

அந்த அம்மா சொன்னபடியே அவர் கூப்பிட்டார். "ரொம்ப நாளா நம்பர் வரலீங்களே டீச்சர். பாப்பா படிக்கறதில்லீங்களா?"

இனிமேல் வராது என்றேன். உங்கள் மனைவி வந்திருந்தார், கையைப் பார்த்தேன் என்றேன். அந்தப் பக்கம் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருந்தது. மறுப்பார், குடிபோதையில் நடந்தது என்பார், அழுவார் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. "செரிங்க" என்றார். "நான் கூப்புட்டேன்னு மட்டும் பாப்பாகிட்டச் சொல்லீருங்க டீச்சர். வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

நான் வைத்துவிட்டேன். அவர் விடவில்லை. ஓய்ந்த நேரமெல்லாம் கூப்பிட்டார். அதே மரியாதை, அதே ஒரு கேள்வி: சொல்லிட்டீங்களா? அந்தக் குரல் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனாலும் அந்த நம்பரை என்னால் பிளாக் பண்ண முடியவில்லை. அவர் மேல் பரிதாபப்பட்டேன் என்பதுதான் உண்மை. அதற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பாகவும் இருந்தது.

அந்தப் பெண் அதற்குப் பிறகு ஒரு புத்தகம்கூட எடுக்கவில்லை. என்னையும் கூப்பிடவில்லை.

பள்ளி திறந்து விடுதிப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பார்க்க வரலாம் என்று விடுதியில் எழுதிவைத்திருந்தவர்களில் அப்பா பெயரை அந்த அம்மா எடுத்துவிட்டிருந்தார். முதல் வாரம் முழுக்க அந்தப் பெண் நூலகம் பக்கம் தலைகாட்டவில்லை. பிறகு ஒரு நாள் இடைவேளையில் வந்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அலமாரியிலிருந்து ஏதோ ஒன்றை உருவி என் மேசைக்குக் கொண்டுவந்தாள். அட்டையைக்கூட அவள் பார்த்த மாதிரி தெரியவில்லை. நான் பதிந்துகொடுக்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

"அப்பா கூப்புட்டாங்களா மிஸ்?"

அன்று காலையில்தான் கூப்பிட்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

"ஒரு தடவகூடவாங்க?"

"இல்லைம்மா."

இன்றைக்கு யாராவது அதே இடத்தில் நின்று அதையே கேட்டால் நான் அதையேதான் சொல்வேன். முறிந்த கை ஒன்று போதும். இதை எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை அன்றைக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மிஸ் பொய் சொல்ல மாட்டார் என்று நம்புகிற வயசு.

"அப்ப அம்மா சொன்னது நெசந்தானுங்க மிஸ்" என்றாள். "அப்பாவுக்கு என்னைய ஞாபகமே இல்லீங்க."

நான் மறுக்கவில்லை. அவள் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.