எனக்கு எதிரே உட்கார்ந்த அக்கா

கேன்டீன் வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை, பொது ஷிப்ட் முடிந்ததும், மாடி மீட்டிங் ரூமில் ப்ரிட்ஜ் வகுப்பு. விருப்பமுள்ளவர்கள் வரலாம்.

நான் டிப்ளமோ படித்தவள். டிப்ளமோக்காரர்கள் பட்டப்படிப்பில் சேர்ந்தால் முதலில் ப்ரிட்ஜ் கோர்ஸ் என்று ஒன்றை முடிக்கவேண்டும் என்று கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லியிருந்தாள். கம்பெனியே அதை நடத்துகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போது கோவில்பட்டியிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வண்டிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. நான்கு பெண்களாகச் சேர்ந்து எடுத்த வாடகை அறை. லைனை விட்டால் அறை, அறையை விட்டால் லைன். படிப்பு என்றதும் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

உள்ளே கணக்குப் பிரிவு மேலாளர் சீட்டுக் கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில் டிசைன் பிரிவு இஞ்சினியர் ஒருவர். ஏசிக்கு நேர் கீழே, கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஒரு பெண். என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவள். பொருள் எடுக்கப் போகும்போது பார்த்திருக்கிறேன்; பேசியதில்லை.

"சார், ப்ரிட்ஜ் கோர்ஸ்..." என்றேன்.

"இதுதாம்மா. உட்காரு" என்றார் மேலாளர்.

அந்தப் பெண் கண்ணைத் திறந்து என் நோட்டைப் பார்த்தாள்.

"படிப்புன்னு நெனச்சிகினு வந்தியா? நா ஏசிக்காண்டி வந்தேன். வண்டி கெளம்ப இன்னும் நேரம் கீது. கீழ குந்தினா வேர்த்து ஊத்துது. இரு, போவாத. நீ போய்ட்டா என்னையும் எழுப்பி அனுப்பிடுவாரு."

அப்படித்தான் நான் உட்கார்ந்தேன். அவளுக்கு எதிர் நாற்காலி காலியாக இருந்தது. ப்ரிட்ஜ் என்ற அந்தச் சீட்டாட்டத்தில் எதிரில் உட்காருபவர்தான் கூட்டாளி என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது.

ஆட்டம் ஒன்றும் புரியாததல்ல. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சி. நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டால், பெரிய சீட்டுப் போட்டவருக்கு ஒரு பிடி. முதலில் எத்தனை பிடி பிடிப்போம், எது துருப்பு என்று ஏலம் கேட்கவேண்டும். கேட்டதைப் பிடித்துக் காட்டவேண்டும். கஷ்டம் எங்கே என்றால், கூட்டாளியோடு பேசக்கூடாது. கண் காட்டக்கூடாது. உன் கையில் என்ன இருக்கிறது என்பதை ஏலத்தில் கேட்கும் வார்த்தையாலும் போடும் சீட்டாலும் மட்டுமே சொல்லவேண்டும். அந்த ஸ்டோர்ஸ் பெண்ணை நான் அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தேன்; அவளுக்கு இது பெரிய தண்டனை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே அந்த மேஜையில்தான்.

அக்காவின் வீடு சேரப்பணஞ்சேரியில். மாமியார் வீட்டார் விவசாயக் குடும்பம். கணவர் ஒரகடம் பக்கம் ஒரு வார்ப்பு ஆலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆறேழு மாதம் நாங்கள் ஆடியிருப்போம். யாரோ அவரிடம் போய், உன் வீட்டுக்காரி ஆபீசில் ஆம்பளைகளோடு சீட்டாடுகிறாள் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அதை என்னிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

"அய்யோ, என்னக்கா பண்ணப் போறீங்க? வேண்டாம்னா விட்டுருவோம்" என்றேன்.

"எதுக்கு வுடணும்? வந்து பாருன்னு சொல்லிக்கீறேன்."

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். கேட்டில் பெயர் எழுதி, பாஸ் குத்திக்கொண்டு, வேட்டி சட்டையோடு மீட்டிங் ரூமில் வந்து ஓரமாக உட்கார்ந்தார். மேலாளர் அவருக்கும் டீ சொன்னார். நாங்கள் ஆட ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் மெல்லிய குறட்டைச் சத்தம் கேட்டது. ஏசி அவரையும் விடவில்லை. ஆட்டம் முடிந்து அக்கா எழுப்பியதும் சுற்றிலும் பார்த்தார்.

"துட்டு வெக்கல?"

"இல்ல."

"ஒர்த்தரும் சண்ட போடல?"

"இல்ல."

"இத்தப் போயி சீட்டுன்னு எங்கிட்ட சொன்னானே அவன்" என்றார். வண்டிக்கு நடக்கும்போது என்னிடம், "எங்க வூட்டுக்காரி இம்மாம் நேரம் வாய மூடிகினு கீறத நா கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து பார்த்ததில்லம்மா. தாராளமா ஆடட்டும்" என்றார். அக்கா அவர் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

மேலாளர் எங்கள் இருவர் பெயரையும் சென்னையில் ஒரு போட்டிக்குக் கொடுத்துவிட்டார். நாங்கள் கேட்கவில்லை. ஒரு பெரிய மண்டபம், வரிசையாக மேஜைகள், எல்லாம் வயதான, வெள்ளைச் சட்டை போட்ட மனிதர்கள். பெண்கள் ஒருசிலர் இருந்தார்கள். அவர்களும் பட்டுப்புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக. நாங்கள் கம்பெனி வண்டியில் வந்து இறங்கிய சுடிதாரும் நைலக்ஸ் புடவையும்.

அன்று ஆடிய ஒரே ஒரு கை மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதிர்க்கட்சி துருப்பு இல்லாமல் ஆடுகிறது. என் கையில் ஆட்டீன், அதாவது இதயம் போட்ட சீட்டு வரிசை, பலமாக நிற்கிறது. ஆனால் நான் ஒரு பிடி பிடித்தால்தானே அதை இறக்க முடியும். அக்காவிடம் ஆட்டீன் தீர்ந்துவிட்டது. அவள் பிடித்துப் பயனில்லை. எதிர்க்கட்சியில் ஆடிய பெரியவர் டைமண்டில் ஆஸ் இறக்கினார். அக்காவிடம் டைமண்டில் ராஜாவும் ஒரு சின்னச் சீட்டும் இருந்தன. யாராக இருந்தாலும் சின்னச் சீட்டைத்தான் போடுவார்கள். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, ராஜாவைத் தூக்கி ஆஸுக்குக் கீழே போட்டாள்.

ஆடியவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கே திக்கென்றது. அடுத்த டைமண்ட் வந்தபோதுதான் விளங்கியது. என்னிடம் ராணி இருந்தது. ராஜா அவளிடமே இருந்திருந்தால் என் ராணியையும் அதுவே விழுங்கியிருக்கும். ராஜா போய்விட்டதால் என் ராணி பிடித்தது. நான் ஆட்டீன்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். அவர்கள் கேட்டது தோற்றது.

அந்தப் பெரியவர் சீட்டுகளை மடித்து வைத்துவிட்டு, "ராணி அவங்ககிட்ட இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அக்காவிடம் கேட்டார்.

"தெரியாதுங்க. அதுகிட்ட இருந்தாத்தான் நாங்க ஜெயிப்போம். இல்லன்னா எப்படியும் தோத்துடுவோம். அப்ப இருக்குதுன்னே வெச்சிகினு போட்டேன்."

"நல்லா ஆடினீங்கம்மா" என்றார் அவர்.

போட்டியில் நடுவில் எங்கோ ஓர் இடம் வந்தோம். அதற்கே திரும்பி வரும் வழியில் பூந்தமல்லியில் இறங்கி ஜிகர்தண்டா தேடி, கிடைக்காமல், ரோஸ்மில்க் குடித்துவிட்டு வந்தோம்.

அதற்கப்புறம்தான், உலகப் போட்டியை இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம் என்று மேலாளர் ஒரு முகவரியை எழுதிக்கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வந்துவிடுவாள். ஒரு தடுப்புக்குள் இரண்டு பேரும் ஒரே ஸ்டூலில் பாதிப் பாதி உட்கார்ந்து பார்ப்போம். பச்சை நிறத்தில் ஒரு மேஜை. நாலு பக்கமும் நாலு பேருடைய சீட்டுகளும் நமக்குத் தெரியும், ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எங்கோ ஐரோப்பாவில் ஒரு சீட்டைப் போட, அது இங்கே திரையில் நகரும்.

பெண்கள் இறுதி ஆட்டம் நடந்த அன்று, ஒரு இடத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. கடைக்காரத் தம்பி எட்டிப் பார்த்தான்.

"ஹேங் ஆயிடுச்சிக்கா. தள்ளுங்க, ரீஸ்டார்ட் பண்ணித் தரேன்."

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கைய வெக்காத. அது ஹேங் ஆவல. அந்தம்மா யோசிக்கிது."

"எந்தம்மா?"

"இதோ, தெக்கால குந்திகினு கீதே, அந்தம்மா. ராணி எந்தப் பக்கம் கீதுன்னு தெரியாம முழிக்கிது. நமக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது."

அவனுக்கு ஆட்டம் தெரியாது. ஆனாலும் நின்றான். பக்கத்துத் தடுப்பில் வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்த இரண்டு பையன்களும் எழுந்து வந்தார்கள். "என்னக்கா, யாரு யோசிக்கிறாங்க?" என்று கேட்டார்கள். அக்கா இரண்டு வரியில் அவர்களுக்கும் விளக்கினாள். அப்போது நெட் போன் லைனில்தான் வரும்; யாராவது போன் எடுத்தால் லைன் அறுந்துவிடும் என்று அந்தத் தம்பி தானாகவே போய் ரிசீவர் மேல் கையை வைத்துக்கொண்டான். முகம் தெரியாத ஒரு வெளிநாட்டுப் பெண் ஒரு சீட்டைப் போடுவதற்காக அந்தக் கடையே காத்திருந்தது. கடைசியில் அவள் சரியான பக்கம் போட்டாள். "போட்டுட்டாங்களா?" என்று போன் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "போட்டுட்டா" என்று அக்கா பெருமூச்சு விட்டாள், தன் வீட்டுப் பெண் பரீட்சையில் தேறிவிட்டதுபோல.

அந்தத் தம்பி பிறகு எல்லா ஞாயிறும் எங்களுக்காக அந்தத் தடுப்பைக் காலியாக வைத்திருந்தான். அவனுக்கு நான் ஒருநாளும் சரியாக நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு எங்கள் லைன் முழுவதையும் புனேவுக்கு மாற்றினார்கள். போகிறவர்களுக்கு வேலை உண்டு என்றார்கள். ஸ்டோர்ஸ் இங்கேயே இருந்தது. நான் போனேன், அக்கா இருந்தாள்.

மொழி தெரியாத ஊரில் எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய சங்கடம். அக்காவே வழி கண்டுபிடித்தாள். வாலாஜாபாத்தில் அவள் தம்பிக்கு ஜெராக்ஸ் கடை. அங்கே ஒரு கம்ப்யூட்டரும் நெட்டும் இருந்தன. ஞாயிறுதோறும் அம்மா வீட்டுக்குப் போகிற சாக்கில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். நான் புனேயில் ஒரு பிரவுசிங் சென்டரில். உலகப் போட்டியைக் காட்டிய அதே இணையதளத்தில் நாமும் ஆடலாம். எதிர்க்கட்சிக்கு உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் யாராவது வந்து உட்காருவார்கள்.

அக்கா ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பாள். மேஜைக்கு வந்ததும் முதலில் "சாப்டியா" என்று அடிப்பாள். ஒருமுறை எதிரில் கனடாவிலிருந்து ஒரு வயதான தம்பதி ஆடினார்கள். அந்த அம்மாள், இது உங்களுக்குள் ஏதாவது ரகசியக் குறிப்பா, அப்படியானால் எங்களுக்கும் சொல்லவேண்டும், அதுதான் விதி என்று மரியாதையாகக் கேட்டார். நான் பயந்துபோய், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள், எங்கள் ஊரில் எல்லாரும் கேட்பார்கள் என்று விளக்கினேன். அந்த அம்மாள், இன்னும் இல்லை, இங்கே இப்போதுதான் விடிகிறது என்று அடித்தார். அதன்பின் பல ஞாயிறுகள் அவர்கள் எங்கள் மேஜையைத் தேடி வந்து, அந்த ஒரு வார்த்தையை எழுத்துப் பிழையோடு அடித்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

இரண்டாவது வருஷம் மழைக்காலத்தில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. பசி இல்லை, எப்போதும் அசதி. தனியாக இருந்த அறை. வீட்டுக்குச் சொன்னால் அம்மா அழுவாள் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படியோ எழுந்து ஆடப் போய்க்கொண்டிருந்தேன். அப்படி ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் அக்கா அடித்தாள், போன் நம்பர் கொடு என்று. சென்டரின் எண்ணைக் கொடுத்தேன். உடனே போன் வந்தது.

"இன்னா உடம்புக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்."

"டபாய்க்காத. மூணு வாரமா பாக்கறேன். ஏலம் கேக்கற கையிக்கெல்லாம் கேக்காம பாஸ் பாஸ்னு கீற. ஈசியா பிடிக்கிற சீட்ட வுடற. நீ இப்டி ஆடற ஆளு கெடையாது. சொல்லு."

நான் அந்தக் கடையில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன். கண் மஞ்சளாக இருக்கிறது என்று அறைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சொன்னதை அப்போதுதான் வெளியே சொன்னேன்.

"சரி, ரூமுக்குப் போயி படு. கதவத் தாப்பாப் போடாத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அக்கா ஸ்டோர்ஸ்காரி. புனே ஸ்டோர்ஸில் இருந்த ஒரு மராத்திப் பெண்ணோடு பொருள் வந்ததா, அனுப்பியாச்சா என்று தினமும் போனில் பேசுகிறவள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இங்கிலீஷும் பார்ட் நம்பர்களும்தான். நான் அந்தப் பெண்ணை இரண்டு முறை பார்த்திருந்தால் அதிகம். அக்கா அவள் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள்; அன்று சாயங்காலமே அவள் ஆட்டோவோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலை என்றார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சிக்கல் என்றார்கள். அவள் தன் வீட்டிலேயே என்னை வைத்துக்கொண்டாள். உப்பில்லாத கஞ்சியும் கரும்புச் சாறும் கொடுத்தாள். என் அம்மா வந்து சேரும்வரை அவள் மாமியார் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு என் மொழி தெரியாது. அந்த நாட்களில் அது ஒரு குறையாகவே படவில்லை.

தேறியதும் மாற்றல் கேட்டு எழுதினேன். ஒரகடத்தில் புதிதாகக் கட்டிய ஆலையில் இடம் கொடுத்தார்கள். சென்ட்ரலில் இறங்கியபோது அக்காவும் அவள் கணவரும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார்கள். அவர் என் பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அக்கா என் கன்னத்தைத் திருப்பி, கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"எளச்சிப் பூட்ட" என்றாள்.

"அக்கா, அடுத்த மாசம் போட்டி இருக்காம்லா? பேரு குடுத்திட்டீங்களா?"

"மொதல்ல வூட்டுக்கு வா. ரெண்டு நாள் நல்லாத் துன்னுட்டு தூங்கு. அப்பால பேசிக்கலாம்" என்று சொல்லி என் கையிலிருந்த பையையும் வாங்கிக்கொண்டாள். கூட்டத்தில் அவர் தலைக்கு மேலே தெரிந்த என் பெட்டியைப் பார்த்தபடி நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம்.