தங்கமணி அக்காவின் பூச்சிப் படங்கள்

தங்கமணி அக்கா இறந்துபோன செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. ‘பூச்சிப் படம்’ என்று நாங்கள் பெயர் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில், “தங்கமணி காலமாயிட்டா. எல்லாரும் வாங்க” என்று இருந்தது. பேக்கிங் மேசையருகே நின்றபடி அதைப் படித்தபோது, அக்கா மறுபடியும் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். “பாலிபேக்குக்குள்ள பூச்சி பூந்துருச்சு, ஓடியாங்க” என்று செய்தி போட்டு எங்களை ஓடவிட்டு, கேண்டீன் வாசலில் நின்று சிரிக்கிற ஆள் அவர். பக்கத்தில் நின்ற மேரி போனை வாங்கிப் பார்த்தாள். “ஏட்டி, இது அக்கா எழுதுனது இல்ல. அவ்வொன்னா ‘கண்ணுகளா’ன்னுல்லா ஆரம்பிப்பாவ” என்றாள். எழுதியவர் அக்காவின் வீட்டுக்காரர். நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர். அது புரிந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நம் பனியன் கம்பெனியில் உங்களில் பலருக்கு அக்காவை செக்கிங் சூப்பர்வைசராகத் தெரியும். கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு, நடந்துகொண்டே ஒரு பனியனில் தையல் விட்டிருப்பதைப் பார்த்துவிடுவார். ஆட்களைத் தின்னும் எட்டுக்கால் பூச்சிப் படங்களுக்கு அவர் எப்பேர்ப்பட்ட ரசிகை என்பது, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் வீட்டு முன்னறையில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்த எங்களுக்குத்தான் தெரியும். அந்தத் தங்கமணி அக்காவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் கணவர் இறந்த பிறகு, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தனியாக வந்து நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிது. அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்தேன். உள்ளேயிருந்து ஒரு எட்டுக்கால் பூச்சி என் கைமேல் ஏறியது. நான் மேசைமேல் ஏறிவிட்டேன். போட்ட கூச்சலில் தையல் லைன் மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கூனிக் குறுகி நின்றேன். அக்கா வந்து அந்தப் பூச்சியை ஒரு அட்டைத் துண்டில் வாங்கி ஜன்னலுக்கு வெளியே விட்டார். பிறகு என்னிடம், “ஏங் கண்ணு, தனியா நின்னு கத்துனா பயமாத்தான் இருக்கும். ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வா. எல்லாருஞ் சேந்து கத்தலாம்” என்றார். இந்த அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் போனேன். அறையில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு அது மேல் என்று தோன்றியது.

அன்று ஓடியது ஏதோ வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவிட்டிருந்தார்கள். தண்ணீர் டேங்க் அளவுக்கு ஒரு சிலந்தி. அதை நம்பாத ஊர்த் தலைவர் ஒருவர். எல்லாப் படத்திலும் இப்படி நம்பாதவரைத்தான் அது முதலில் தின்னும். அக்காவோ படத்திலும் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தார். “பாரு, வலையில ஓட்டை. ஏனுங், இந்தப் பூச்சியெல்லாம் ரிஜெக்ட்டுங்க” என்று அவர் சொல்ல, எங்களுக்கு வயிறு வலித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிலந்தி திரையில் பாய்ந்தது. அதே நொடியில் என் மடியில் கறுப்பாக ஏதோ விழுந்தது. வெட்டிப்போட்ட பனியன் துணியில் அக்காவே தைத்து, அந்த இடம் பார்த்து எறிந்த பூச்சி! நான் கத்தினேன். எல்லோரும் கத்தினார்கள். என் கணவர் போனபோது கூட என் தொண்டையிலிருந்து வராத சத்தம் அது. கத்தி முடித்ததும் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணீரும் வந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மேரி பக்கோடாத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அன்று முதல் இந்த ஊரில் எனக்குச் சொந்தம் என்று இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான்.

“பேய்ப் படம் பார்த்தால் என்ன, அதிலும் கத்தலாமே?” என்று ஒருமுறை கேட்டேன். அக்கா தலையை ஆட்டினார். “பேய்ப் படம் பாத்துப்போட்டு ஊட்டுக்குப் போனா, இங்கயும் இருக்குமோன்னு மனசு அடிச்சுக்கும். இது அப்பிடி இல்ல கண்ணு. ஊட்டு மூலையில இத்தினியூண்டு பூச்சி குந்தியிருக்கும். ‘போடா, உன்ற பெரியப்பனையே பாத்துட்டு வந்திருக்கறேன்’னு சொல்லிப்போட்டுப் படுத்துக்கலாம்” என்றார். சிலந்திப் படத்தைப் பற்றி இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

அந்தத் துணிப்பூச்சியால் வந்த வினையும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு திங்கட்கிழமை அதை ஏப்ரன் பையிலேயே வைத்துக்கொண்டு அக்கா வேலைக்கு வந்துவிட்டார். குனிந்து நிமிர்ந்ததில் அது நழுவி, குழந்தைகள் இரவு உடைப் பெட்டி ஒன்றுக்குள் போய்ச் சேர்ந்தது. ஷிப்மென்டுக்கு முன்னால் சோதிக்க வந்த, சரக்கு வாங்கும் பையர் தரப்பு ஆள் அதே பெட்டியைத்தானா திறக்க வேண்டும்! அவர் துள்ளிய துள்ளலில் நாற்காலி சாய்ந்தது. மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. யார் வேலை என்று அவர் கத்துவதற்குள், “அது என்ற பூச்சிங்க. தப்பு என்னுதுங்க” என்று அக்கா முன்னால் வந்து நின்றார். வந்தவர் சிரிக்கவே இல்லை. எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். “நானே பாத்துக்கறேன், நீங்க ஊட்டுக்குப் போங்க கண்ணுகளா” என்றார் அக்கா. யார் போவது? கத்துவது மட்டும் சேர்ந்து, பெட்டி பிரிப்பது தனியாகவா? பொழுது சாய்வதற்குள் பிரித்து, பார்த்து, ஒட்டி முடித்தோம். அதோடு கம்பெனி கேட்டுக்குள் பூச்சி வரக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு போட்டார்.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டமாகப் போனோம். எதற்கும் அசராத அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பயமா இருக்குது கண்ணு” என்றார். மேரிதான் போனில் படத்தைப் போட்டாள். கட்டிலைச் சுற்றி நின்று பார்த்தோம். பூச்சி பாயும் இடம் வந்தது. ஆஸ்பத்திரியில் கத்த முடியுமா? அக்கா வாயை ஆவென்று திறந்து சத்தமில்லாமல் கத்தினார். நாங்களும் அப்படியே கத்தினோம். அந்த நேரம் பார்த்து ஊசி போட வந்த நர்ஸ், வாயைப் பிளந்து நிற்கும் பெண்களைப் பார்த்து, “என்ன ஆச்சு? என்ன ஆச்சு?” என்று பதறிவிட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் கட்டிலே ஆடியது. புறப்படும்போது தலையணைக்கு அடியிலிருந்து துணிப்பூச்சியை எடுத்து என்னிடம் கொடுத்தார். “நான் இருந்தாலும் இல்லீன்னாலும் ஞாயித்துக்கெழமைய உட்டறாதீங்க” என்றார்.

ஆபரேஷன் முடிந்து திரும்பி வந்தார். இன்னும் சில படங்கள் எங்களோடு பார்த்தார். பூச்சியைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளவில்லை. “நீ எறி, நான் கத்தறேன்” என்பார். பிறகு கட்டி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அது அக்காவை விட்டுவைக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிறன்று அதே முன்னறையில் கூடினோம். படம் ஓடியது, யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மாமா வழக்கம்போல வாசலில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். இத்தனை காலமும் ஒரு படம் கூடப் பார்க்காத மனிதர். என் மடியில் பூச்சி இருந்தது. இதை எறியாவிட்டால் இனி ஞாயிறு இல்லை, அவரவர் அறைச் சுவரை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் கை எழவில்லை. திரையில் சிலந்தி பாய்ந்தது. எல்லோரும் வாயைத் திறந்தார்கள். ஆஸ்பத்திரியில் கத்தியது போலவே சத்தம் வரவில்லை. கண்ணை மறைத்த கண்ணீரோடு, எந்தப் பக்கம் என்று கூடப் பாராமல் எறிந்தேன்.

“அய்யோ, அம்மா!”

வாசலில் மாமா செய்தித்தாளை வீசிவிட்டு எழுந்து நின்றார். பூச்சி அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. மேரி கத்தினாள், நான் கத்தினேன், எல்லோரும் கத்தினோம். மாமா பூச்சியை எடுத்துப் பார்த்தார். “இதுக்குத்தான் அவ அந்தக் கத்துக் கத்துவாளா?” என்று கேட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்து, “மொதல்ல இருந்து போடுங்க சாமி” என்றார்.

தங்கமணி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது கறுப்புத் துணியில் ஒரு பூச்சி. ஒரு கால் பிய்ந்திருக்கிறது, நான் தைக்கப்போவதில்லை. பயம் வந்தால் ஆள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவரிடம் கற்றதுதான். போன வாரம் எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த ஒடிசாப் பெண் ஒருத்தி, பெட்டியைப் பிரித்துவிட்டு அலறி மேசைமேல் ஏறினாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு அட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.