முப்பத்தேழாம் எண் வீடு

1966 நவம்பர் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு வட்டார வளர்ச்சி அலுவலகத்துத் தொலைபேசியில் சேதி வந்தது. சேலத்தில், அண்ணன் வீட்டில், இசபெல்லா இறந்துவிட்டாள். மூன்று நாள் காய்ச்சல். வயது முப்பத்திரண்டு.

போனை எடுத்த கிராம சேவகர் சுப்பையனுக்கு முதலில் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"செங்காட்டுப்பாளையத்துல யாருங்க போய்ச் சொல்றது?"

பரமத்தி வேலூருக்குத் தெற்கே, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவில் இருக்கும் அந்த ஊரில் அவளுக்கு உறவென்று யாரும் கிடையாது. எண்பத்து நாலு வீடுகள் மட்டும் இருந்தன.

அந்த வீடுகளுக்கு அவள் முதன்முதலில் போனது 1958 டிசம்பரில். சேலம் தையற்காரர் லாசரின் மகள், பி.ஏ. முடித்து, இரண்டு வருடம் கிராம சேவகியாக வேலை பார்த்துவிட்டு, சமுதாய வளர்ச்சியில் எம்.ஏ. படிக்கச் சென்னைக்குப் போனவள். அரசு வெட்டிக்கொடுத்த புதுக்கிணறு இருக்க, சனங்கள் ஏன் வாய்க்காலுக்கே போகிறார்கள்? இதுதான் அவளுடைய ஆய்வு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது ஒரு சுற்று, வாய்க்காலை அடைத்த பிறகு ஒரு சுற்று. அதே வீடு, அதே கேள்வி. யார் பெயரையும் தாளில் எழுதக் கூடாது, எண் மட்டுமே இருக்க வேண்டும் என்பது பேராசிரியர் போட்ட கட்டளை. பெயர் இல்லையென்றால்தான் சனங்கள் உள்ளதைச் சொல்வார்கள். அதனால் வாசற்சுவரில் காவியைக் குழைத்து ஒன்று முதல் எண்பத்து நாலு வரை அவளே எழுதினாள்.

பிறகு கிறிஸ்துமஸுக்குச் சேலம் போனாள். அப்பாவோடு ஏணியில் ஏறி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அடிக்கும்போதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

தை கடைசியில் திரும்பி வந்தபோது செங்காட்டுப்பாளையம் பளிச்சென்று வெள்ளையாக நின்றது. பொங்கல் முடிந்திருந்தது. ஒரு சுவரிலும் ஓர் எண் இல்லை.

எருமையை ஓட்டிக்கொண்டு வந்த காளியண்ணன் நின்று சிரித்தார்.

"ஏனுங்க டீச்சரம்மா, பதினாறு வருசம் படிச்சீங்களாமா. தை மாசம் எப்ப வரும்னு அதுல போடலீங்களா?"

"போட்டிருந்தாங்கண்ணா. அன்னிக்குத்தான் நான் பள்ளிக்கூடம் போகலை," என்றாள் இசபெல்லா.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் பையில் எண்பத்து நாலு தாள்கள் இருந்தன. எது யாருடையது என்று தெரியாது. முதல் சுற்றும் இரண்டாம் சுற்றும் பொருந்தாவிட்டால் ஆய்வேடு இல்லை, ஆய்வேடு இல்லாவிட்டால் பட்டம் இல்லை. மார்ச் இருபதுக்குள் கொடுத்தாக வேண்டும்.

தெருத் தெருவாக நடந்தாள். கீழ்க்கோடியில் ஒரு சுவர் மட்டும் பழுப்பாக இருந்தது. அதில் அவள் கையெழுத்திலேயே 37.

அது அத்தாயியின் வீடு. ஐப்பசியில் புருசன் இறந்துவிட்டான். எழவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பொங்கலும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

இசபெல்லா வாசலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அத்தாயி தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கூட்டுக்கு முன்னால நீ மாதையன் ஊட்டுல இருந்து வந்தே அம்மிணி. அப்புறம் பக்கத்து ஊட்டுக்குப் போகலை. நாய் கொலைச்சுதுன்னு சுத்திக்கிட்டு மயிலம்மா ஊட்டுக்குப் போனே. நானு எங்கயும் போக முடியாம இங்கதான உக்காந்திருந்தேன். உன்னயத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

முப்பத்தாறு மாதையன். முப்பத்தெட்டு மயிலம்மாள். அத்தாயி உட்கார்ந்த இடத்திலிருந்தே மயிலம்மாளைக் கூப்பிட்டாள். அடுத்து எங்கே போனாள் என்று மயிலம்மாளுக்குத் தெரிந்திருந்தது. "எங்கூட்டு மோர வேண்டாம்னுபோட்டு, நேரா சின்னாயி ஊட்டுக்குப் போயி மோர் குடிச்சவதான இவ! மறப்பனா?" ஒரு வீட்டார் முந்தின வீட்டையும் அடுத்த வீட்டையும் சொல்ல, பொழுது சாய்வதற்குள் அவள் நடந்த வழி முழுவதும் அந்த வாசலில் கூடிவிட்டது. தாளில் இருந்த பிள்ளைகளின் கணக்கையும் மாடுகளின் கணக்கையும் வைத்துச் சரிபார்த்தாள். எண்பத்து நாலும் பொருந்தின. கடைசியாகக் காளியண்ணன் வந்து, குரைத்த நாய் தன்னுடையதுதான் என்று பெருமையாக ஒப்புக்கொண்டார்.

மார்ச் பதினெட்டாம் தேதி ஆய்வேட்டைக் கொடுத்தாள். பட்டமும் கிடைத்தது. பிறகு கிராம சேவகர் பயிற்சி நிலையத்தில் ஆசிரியை ஆனாள். ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம் அவளிடம் ஒன்றுதான்: "ஊருக்குள்ளே போனதும், சுண்ணாம்பு எப்ப அடிப்பீங்கன்னு கேளுங்க. அப்புறம் யார் ஊட்டுல அடிக்கலைன்னு பாருங்க. அந்த ஊட்டுல போய் உக்காருங்க." அவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க விடுவாள். பிறகு எழுதிக்கொள்ளச் சொல்வாள்.

1966 அக்டோபரில் அதே எண்பத்து நாலு வீடுகளை மறுபடி கேட்கக் கிளம்பினாள். எட்டு வருடத்தில் என்ன மாறியது என்று பார்ப்பதாகத் திட்டம். இந்த முறை எண்களை வாசற்சுவரில் எழுதவில்லை. சுண்ணாம்பு படாத கதவு நிலையின் உட்பக்கம் எழுதினாள். அத்தாயி வீட்டை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொண்டாள். அங்கே போனால் சாப்பிடாமல் எழுந்திருக்க அத்தாயி விடமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும்.

சேலத்திலிருந்து வந்த அவளுடைய பையைச் சுப்பையன் அலுவலக மேசையில் பிரித்து அடுக்கினார். எண்பத்து மூன்று தாள்கள் எழுதி முடிந்திருந்தன. முப்பத்தேழாம் தாளில் எண் மட்டும் இருந்தது.