கார்டு ஐயா வைத்த விசாரணை

கார்டு ஐயா சுவர் ஆணியில் தொங்கும் சிவப்புத் துணியை எடுப்பார். இரண்டாக மடித்துத் தண்டவாளத்தின் குறுக்கே போடுவார். தண்டவாளம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம், இரண்டு கம்பிக்கும் நடுவே என் கட்டைவிரலை வைத்தால் இடம் அடைத்துவிடும். ஆனால் அந்தத் துணி விழுந்ததும் அறையில் இருக்கும் வளர்ந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் மேசையிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். கவிழ்ந்த பெட்டி கவிழ்ந்தபடி கிடக்கும். டீ ஆறிப்போகும். விசாரணை முடியும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது என்பது அந்தச் சங்கத்தின் சட்டம். விபத்தைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் துணியைப் போடலாம், வேடிக்கை பார்க்க வந்தவர்கூட. பொம்மை ரயிலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கொடைக்கானலில் ரயில் கிடையாது. மலையிறங்கிப் போனால்தான் ரயில் முகத்தையே பார்க்க முடியும். அதனாலோ என்னவோ எங்கள் ஊரில் சிலருக்கு ரயில் என்றால் பைத்தியம். இங்கே வாத்தியாராக இருந்துவிட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் பெட்டி பெட்டியாக மாடல் இன்ஜின்களையும் தண்டவாளங்களையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். அவற்றை வைத்துச் சங்கம் ஆரம்பித்தவர் கார்டு ஐயா. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றதும் மலையேறி வந்து தங்கிவிட்டவர். கேக் கடைக்காரர் தன் கடை மாடியைக் கொடுத்தார். போட்டோ ஸ்டுடியோக்காரரும் எங்கள் சபைப் பாஸ்டரும் சேர்ந்துகொண்டார்கள். என் வீட்டுக்காரனுக்கு ஒரு லாட்ஜில் எலெக்ட்ரீஷியன் வேலை. ஒயரிங் பார்க்க என்று கூப்பிட்டார்கள், போனவன் அங்கேயே ஒட்டிக்கொண்டான். 'அவர்' என்று எழுதிப் பழகிய கைதான் இது. இப்போது வர மாட்டேன் என்கிறது.

சனிக்கிழமை மதியம் கூடுவார்கள். மலைப் பனி கம்பிகளில் படிந்து கறுத்துப்போகும் என்பதால் முதல் வேலை ஸ்பிரிட் நனைத்த துணியால் தண்டவாளம் முழுவதையும் துடைப்பது. பிறகுதான் வண்டி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கு ஒரு ரயில் பாதை இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களே கற்பனை செய்து, சாக்குத் துணியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் கொண்டு அறை நீளத்துக்கு ஒரு மலையைக் கட்டியிருந்தார்கள். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிக் காடு செய்திருந்தார்கள். ஸ்டேஷனில் நிற்கும் நெல்லளவு போர்ட்டருக்கு என் வீட்டுக்காரன் சிவப்புச் சட்டை பூசுவதை நான் பார்த்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நடுங்காமல், அத்தனை பொறுமையாகப் பூசுவான். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

விசாரணையில் கார்டு ஐயா மூன்றே கேள்விதான் கேட்பார். என்ன நடந்துச்சு, எங்க ஆரம்பிச்சுச்சு, யார் கை. பதில் சொல்கிறவர் 'ஆனா' என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது. யார் பிசகோ அவர் எழுந்து நின்று 'என் கைதான்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டவர் அடுத்த மூன்று சனிக்கிழமை வண்டி ஓட்டக்கூடாது. கேக் கடைக்காரர் ஒப்புக்கொள்வார், பாஸ்டர் ஒப்புக்கொள்வார், என் வீட்டுக்காரனும் நல்ல பிள்ளையாக எழுந்து நின்று ஒப்புக்கொள்வான். அப்படி அவன் ஒப்புக்கொண்டு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டில் எனக்கு அடி விழுந்தது. அங்கே விழுங்கியதை இங்கே வந்து கக்குவான். பைக்கை அவன் ஸ்டாண்டு போடுகிற சத்தத்திலேயே அன்றைக்குச் சங்கத்தில் என்ன தீர்ப்பு என்று எனக்குத் தெரிந்துவிடும். சத்தம் பலமாக இருந்தால் கத்தியையும் தோசைக்கரண்டியையும் எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைப்பேன். வெறும் கை மட்டும் மிஞ்சட்டும் என்று.

யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. நான் ஒரு சாக்லேட் கடையில் வேலை பார்க்கிறேன், நாளெல்லாம் நாலு பேர் முகத்தில் விழிக்கிற சோலி. உதடு வீங்கிய காலையில் பன் வாங்கப் போனால் கேக் கடைக்காரர் சில்லறையை என் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு உள்ளே திரும்பிக்கொள்வார். பஸ் பாஸ் வாங்குவதற்காகப் போட்டோ எடுத்துக்கொள்ளப் போனபோது, என் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பை ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் சுத்தமாக அழித்துக் கொடுத்தார். நான் கேட்கவேயில்லை. பாஸ்டரோ குடும்ப ஜெபம் செய்கிறீர்களா என்று விசாரிப்பார். கார்டு ஐயா வீடு எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, சரிவில். மேலே சத்தம் கேட்கத் தொடங்கியதும் அவர் வீட்டில் ரேடியோ சத்தம் கூடும். அடி வாங்கிக்கொண்டே நான் அதில் செய்தி கேட்டிருக்கிறேன்.

மே மாதம் சீசனில் சங்கம் கண்காட்சி வைக்கும். டூரிஸ்ட்டுகள் மாடிப்படி வரை நிற்பார்கள். அந்த வருஷம் ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஸ்டேஷனில் ஒதுங்கிக் கடக்க வேண்டும், தடம் மாற்றும் பாயிண்ட் என் வீட்டுக்காரன் பொறுப்பு. யாரோ ஒரு டூரிஸ்ட்டிடம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தவன் அதைத் திருப்ப மறந்துவிட்டான். இரண்டும் நேருக்கு நேர் முட்டின. வெள்ளைக்காரர் விட்டுப்போன பழைய இன்ஜின் மேசையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்து இரண்டாகப் போனது. கூட்டம் கை தட்டிச் சிரித்தது. கார்டு ஐயா அங்கேயே துணியைப் போட்டு, அத்தனை பேர் முன்னாலும் அந்த மூன்று கேள்வியைக் கேட்டார். அவன் எழுந்து நின்று ஒப்புக்கொண்டான்.

அன்றைக்கு அரிசி டப்பா உதவவில்லை. அவன் கதவைத் தாழிட்டான். முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். கீழே விழுந்த பிறகு இடது கையைக் காலால் மிதித்து நிறுத்திக்கொண்டு, ஸ்டூலைத் தூக்கி அதன் மேல் போட்டான். இரண்டாவது முறை போட்டபோது எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் படியில் வழுக்கிவிட்டேன் என்று சொன்னேன். மாவுக்கட்டுப் போட்ட நர்ஸ், இந்த ஊர்ல பொம்பளைங்க மட்டும்தான் வழுக்கி விழுறாங்க என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டது. அந்தப் பெண்ணின் பேச்சு ஊசியை விடக் குத்தியது. அடுத்த சனிக்கிழமை என்ன செய்வது என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே முடிவு செய்துவிட்டேன்.

மாவுக்கட்டோடு கேக் கடை மாடியேறினேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரன் ஓட்டவில்லை, அவனுக்குத்தான் தண்டனையாயிற்றே, ஓரத்தில் உட்கார்ந்து உடைந்த இன்ஜினை ஒட்டிக்கொண்டிருந்தான். ஆணியில் தொங்கிய சிவப்புத் துணியை எடுத்துத் தண்டவாளத்தின் மேல் போட்டேன். பாஸ்டர் பதறி வண்டியை நிறுத்தினார்.

"எங்கம்மா விபத்து? ஒண்ணும் கவுறலையே" என்றார் கார்டு ஐயா.

கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன்.

"அது வீட்டு விசயம் தாயி. இங்க வச்சுப் பேசக்கூடாது."

"ஆரம்பிச்சது இங்கதானங்கய்யா. வண்டி இங்க முட்டுச்சு, கை அங்க ஒடஞ்சுச்சு. நீங்க பாதி விசாரணையோட எந்திரிச்சுப் போயிட்டீங்க."

கார்டு ஐயா என்னைப் பார்க்கவில்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் என்னை அனுப்பியிருப்பார். விழுந்த துணியை விசாரிக்காமல் எடுக்க அவருக்குத் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன நடந்துச்சு என்று என் வீட்டுக்காரனிடம் கேட்டார். வழுக்கி விழுந்துட்டா என்றான். நான் ஸ்டூலைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மேசையைத் தாண்டி வந்து என் வாயில் அறைந்தான். பின்னாலிருந்து பிடித்த கேக் கடைக்காரரைத் தலையால் முட்டினான். அவர் மூக்கு உடைந்து ரத்தம் அந்த வெள்ளை மலையில் தெறித்தது. வண்டிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரைப் பிடுங்கி என்னைப் பார்த்து வீசினான், குறி தவறி ரயில் நுழையும் குகை நொறுங்கியது. சாக்கு மலையை இரண்டு கையாலும் பிய்த்தான். ஸ்டேஷன், பாலம், போர்ட்டர் எல்லாம் தரையில் மிதிபட்டன. ஸ்டுடியோக்காரர் கண்ணாடி போய்க் கண்மண் தெரியாமல் அவன் காலைக் கட்டிப் பிடித்தார். பாஸ்டர் மேசைக்கு அடியில் இருந்தார். ஜெபம் செய்துகொண்டிருந்ததாகப் பிற்பாடு சொன்னார். நானும் சும்மா இருக்கவில்லை. விழுந்தவன் முகத்தில் மாவுக்கட்டாலேயே இரண்டு போட்டேன். கை உயிர் போகிற மாதிரி வலித்தது. அந்த வலியில் ஒரு சந்தோஷம் இருந்தது, அதை இன்றும் மறைக்க மாட்டேன்.

அவன் மேல் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்த பிறகும் கார்டு ஐயா நாற்காலியிலிருந்து எழவில்லை. விசாரணை அவரைப் பொறுத்தவரை நடந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொருவராகப் பார்த்து, உனக்கு முன்னாலயே தெரியுமா என்று கேட்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு கேக் கடைக்காரர் தெரியும் என்றார். ஸ்டுடியோக்காரர் தெரியும் என்றார். மேசைக்கு அடியிலிருந்தும் அதே பதில் வந்தது. கடைசியில் தன்னையே கேட்டுக்கொண்ட மாதிரி, "எனக்கும் தெரியும்" என்றார்.

அப்படியானால் தீர்ப்பு என்ன என்று கேட்டேன். மூணு சனிக்கிழமை வண்டி ஓட்டக்கூடாது, வேணும்னா ஆறுன்னு வச்சுக்கலாம் என்றார் ஸ்டுடியோக்காரர். அந்த மனுஷன் நிஜமாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து, உடைந்த உதடு இன்னும் கிழிந்தது. கார்டு ஐயா எழுந்து செருப்பை மாட்டினார்.

"இது நம்ம சட்டத்துல அடங்காது. வா தாயி, போலீஸ் ஸ்டேசனுக்குப் போவோம். வெரசா வா."

வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது மற்றவர்கள் மாறிவிட்டார்கள். சங்கத்தின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். பொம்மைச் சண்டையில் கைகலப்பு, குடும்ப விஷயம் எங்களுக்குத் தெரியாது என்று கேக் கடைக்காரர் கோணிய மூக்கோடு சாட்சி சொன்னார். ஸ்டுடியோக்காரரும் அதே பாட்டு. பாஸ்டர் குடும்பத்தைப் பிரிக்கிற வார்த்தை தன் வாயில் வராது என்று வராமலே இருந்துவிட்டார். கார்டு ஐயா மட்டும் கூண்டில் ஏறி, கேட்டதற்கெல்லாம் 'ஆனா' இல்லாமல் பதில் சொன்னார். ரேடியோ சத்தத்தைக் கூட்டியதையும் கேட்காமலே சொன்னார். வழக்கு அவர் சாட்சியில்தான் நின்றது. என் வீட்டுக்காரன் உள்ளே போனான், வெளியே வந்த பிறகு கீழே எங்கோ போய்விட்டான். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

சங்கத்துக்காரர்கள் கார்டு ஐயாவை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் மாடியேறியபோது கதவில் புதுப் பூட்டு தொங்கியது. சாவி கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அதன்பின் சனிக்கிழமைகளில் நான் வேலை பார்க்கும் கடைக்கு வந்து உட்கார்ந்துகொள்வார். எதிரே கொஞ்சம் தள்ளித்தான் கேக் கடை. மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். நான் அவருக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அத்தனை வருஷம் ரேடியோவைத் திருகியவருக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தெரியும் என்று சொன்ன நாலு பேரில் அதற்கு விலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கிழவர் மேல் எனக்குக் கோபமும் இருந்தது, பாசமும் இருந்தது. இரண்டும் குறையாமல் டீ போட்டுக் கொடுப்பேன்.

போன மாதம் அவர் இறந்துபோனார். அடக்க ஆராதனையில் சங்கத்துக்காரர்கள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாலை பெரிய மாலை. பாஸ்டர் பிரசங்கத்தில் அவர் ரயில்வே சேவையைச் சொன்னார், சங்கம் ஆரம்பித்ததைச் சொன்னார், கடைசி வருஷங்களில் உடல்நலக் குறைவால் தாம் நேசித்த சங்கத்துக்கு வர இயலாமல் போனது என்றும் சொன்னார். எனக்குக் கை பழைய இடத்தில் சுரீர் என்றது. எழுந்து நின்றேன்.

"ஒடம்பு நல்லாத்தான் இருந்துச்சு பாஸ்டர். ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கடைக்கு நடந்து வந்தாரு. நீங்கதான் பூட்ட மாத்துனீங்க."

யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார்கள். பாஸ்டர் அடுத்த வசனத்தைத் தேடி இரண்டு பக்கம் புரட்டினார். முன் பெஞ்சில் கேக் கடைக்காரர் மெல்ல எழுந்தார். அவர் என் பக்கம் திரும்பவில்லை, சவப்பெட்டியைப் பார்த்தே பேசினார்.

"பூட்ட மாத்துனது நான்தான். கோர்ட்ல தெரியாதுன்னு சொன்னதும் நான்தான். எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு, உட்காரவும் தோன்றாமல் அப்படியே நின்றார். நானும் உட்காரவில்லை.