சிறுவாணித் தண்ணீரும் சித்திகா டீச்சரும்

கோயமுத்தூரில் டியூஷன் எடுக்கிற அத்தனை பேரும் என்னிடம் படித்தவர்கள்தாம். சரி, அத்தனை பேரும் இல்லை. நான்கு பேர். அதில் ஒருவர் சொல்லித் தருவது தட்டச்சு. இன்னொருவர் என் வகுப்பில் தேறாமல் இரண்டு வருஷம் உட்கார்ந்தவர். ஆனாலும் முப்பத்து நான்கு வருஷம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவள் என்கிற மிதப்பு எனக்கு உண்டு. பேத்திக்கு ஒரு டீச்சர் பிடிப்பது காந்திபுரத்தில் ஆட்டோ பிடிப்பதைவிடச் சுலபம் என்றுதான் தொண்ணூற்றாறில் நினைத்திருந்தேன்.

என் மகள் கோபிசெட்டிபாளையத்தில் நர்ஸ். அவள் பெண் இனியா படிப்புக்காகக் கணபதியில் என்னோடு இருந்தாள். அவளுடைய பள்ளியில் சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஒரு பாடத்தைப் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். எடுத்தது மொத்தம் மூன்று பிள்ளைகள். இவள் பிளஸ் டூ வந்த ஆகஸ்டில் அந்தப் பாடத்தின் டீச்சர் கல்யாணம் முடிந்து பெங்களூர் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை புத்தகத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்றது பள்ளி. இனியா படித்துக்கொண்டாள், காலாண்டில் இருபத்தெட்டு வாங்கினாள். மேட்டுப்பாளையத்துக் காட்டியல் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. இந்தப் பாடத்தில் தவறினால் அந்த ஆசை அதோடு முடிந்தது. பாடத்தை மாற்றிக்கொள்ளவும் காலம் கடந்துவிட்டது.

நான் தேடக் கிளம்பினேன். கணக்குக்குத் தெருவுக்கு ஒரு மாஸ்டர். இயற்பியலுக்கு விடிகாலை ஐந்து மணிக்கே வாசல் நிறையச் செருப்பு. சுற்றுச்சூழலுக்கு ஒரு செருப்புகூட எங்கும் இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் லட்சுமிநாராயணன் என்கிற கணக்கு மாஸ்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பாடத்தில் கணக்கு வந்தால் அனுப்புங்கள் என்றார். விவசாயத் துறையில் ஓய்வு பெற்ற வெங்கடபதி ஒரு நாள் வந்தார். ஒன்றரை மணி நேரம் நேந்திரன் வாழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, இரண்டு கன்று வாங்கிக்கொள்ளச் சொல்லிப் போனார்.

கடைசியில் வழி காட்டியது எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் ரம்ஷா. வாயில் குண்டூசியைக் கடித்தபடியே, தன் பெரியம்மா மகள் ஒருத்தி உக்கடத்தில் இருக்கிறாள், இதையே எம்.எஸ்ஸி. படித்துவிட்டு ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள் என்றாள். அப்படி வந்தவர்தான் சித்திகா.

அவருடைய கதையைச் சொல்ல வேண்டும். அப்பா கலீல் ரஹ்மான் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். வீடு உக்கடம் பெரிய குளத்தை ஒட்டிய சந்தில். தைத்த தார்ப்பாயை மாடியில் காயப் போட்டால், காற்றுக்குப் பறக்காமல் பார்த்துக்கொள்வது பத்து வயதுச் சித்திகாவின் வேலை. வெறுமனே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? குளத்தில் இறங்கும் பறவைகளை எண்ண ஆரம்பித்தார். பெயர் தெரியாது. கிழித்த தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் ‘கருப்பு, நீளக் கழுத்து, பதினாலு’ என்று எழுதி வைப்பார். தண்ணீரின் நிறத்தையும் எழுதுவார். ஆகாயத்தாமரை எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு வந்தது என்பதும் அதில் இருக்கும். பத்து வருஷத் தாள்கள் ஒரு கோணிப்பை நிறையச் சேர்ந்தன. கல்லூரியில் ஒரு பேராசிரியை அந்தப் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நீ படிக்க வேண்டியது இதைத்தான் என்றாராம். பெண் கேட்டு வந்த ஒரு வீட்டாரிடம், உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தண்ணீர் தெரியுமா என்று கேட்டு, தெரியாது என்றதும் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். இந்தக் கடைசிச் செய்தியில் ரம்ஷா சேர்த்தது பாதி, நான் சேர்த்தது பாதி.

அக்டோபரில் வந்தார். வாரத்துக்கு மூன்று நாள், சாயங்காலம் நாலரைக்கு. முதல் நாளே பையிலிருந்து இரண்டு மருந்துப் பாட்டில்களை எடுத்து வைத்தார். ஒன்றில் குளத்துத் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு இறுக மூடினார். மறுநாள் பார்த்தால் குழாய்த் தண்ணீரில் நீலம் அப்படியே இருக்க, குளத்துத் தண்ணீரில் வெளுத்துவிட்டது. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அழுக்கைத் தின்னும் கிருமிகள் தீர்த்துவிட்டதற்கு அதுதான் சாட்சி என்று அவர் சொல்ல, இனியா அந்த இரண்டு பாட்டில்களையும் எங்கள் சாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு வயிற்றெரிச்சல். முப்பத்து நான்கு வருஷம் பானிபட்டை வெறும் வாயால் நடத்தியவள் நான். ஒருத்தரும் என் சாக்பீஸைச் சாமி அலமாரியில் வைத்ததில்லை.

அதுவரை எந்தச் சந்தேகமும் என்னிடம்தான் வரும். மழை ஏன் மருதமலைப் பக்கம் முதலில் பெய்கிறது என்றாலும் என்னிடம்தான், பல்லி ஏன் உத்தரத்திலிருந்து விழுவதில்லை என்றாலும் என்னிடம்தான். தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை இன்னும் நன்றாகச் சொல்வேன். இப்போது எதற்கெடுத்தாலும் ‘மிஸ் சொன்னாங்க’. அவருடையதைப் போலவே எழுத்தை வலப்பக்கம் சாய்த்து எழுதத் தொடங்கினாள். அவருக்கென்று மல்லிகைச் சரத்தில் ஒரு முழம் தனியாக எடுத்து வைத்தாள். பாடம் நடக்கிற அறை வாசலில் நான் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்துகொள்வேன். வேவு பார்க்க வேறு சாக்கு ஏது? அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் வெங்காயக் குழம்பைத் தவிர வேறு எதுவும் கொதிக்கவில்லை.

ஒரு நாள் யானைகளின் வழித்தடம் பற்றிப் பாடம். நான் வாசலிலிருந்தே, எங்கள் தாத்தா ஆனைமலைக் காட்டில் வழிதவறியபோது ஒரு பெண் யானை அவரைத் தும்பிக்கையால் பிடித்து ஊர் எல்லைவரை கொண்டுவந்து விட்டதைச் சொன்னேன். இனியா சின்னவளாக இருந்தபோது மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்ட கதை. இப்போது தலை நிமிராமல் சொன்னாள்:

“அம்முச்சி, பாடம் நடக்குது.”

சித்திகாவோ எழுதுவதை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கத்துக் காடு, எந்த மாசம் என்று என்னைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அது எனக்கு இன்னும் எரிந்தது. நான் விட்ட கதைக்கு மாசம் எங்கே போய்த் தேடுவேன்?

டிசம்பரில் ஒரு நாள் பாடம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவரிடம் என் சொந்தக் கதையை எடுத்தேன். இதில் சேர்ப்பு ஒன்றுமில்லை. என் அம்மா அன்னூர்ப் பக்கம் கவுண்டர் தோட்டத்தில் களை எடுத்தவள். தாகமெடுத்தால் கிணற்றை நெருங்க முடியாது. உயரத்திலிருந்து கொட்டாங்கச்சியில் ஊற்றுவார்கள். அங்கிருந்து படித்து டீச்சர் வேலைக்கு வந்தவள் நான். சித்திகா முழுதும் கேட்டார், டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த தடவை வந்தபோது காப்பி வேண்டாம் என்றார். அதற்கடுத்த தடவை முறுக்கையும் தொடவில்லை. மூன்றாம் தடவை சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். சிறுவாணித் தண்ணீர். கோயமுத்தூரில் அதை வேண்டாம் என்று சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சித்திகா சொம்பைப் பார்த்தார், புன்னகைத்தார், வேண்டாம் என்றார். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் குடித்தவர், எங்கள் குலம் இன்னதென்று தெரிந்த மறுநாளிலிருந்து குடிக்கவில்லை. கணக்கு எனக்குச் சரியாக விழுந்தது. வயிற்றெரிச்சலில் இருப்பவளுக்கு எந்தக் கணக்கும் சரியாகத்தான் விழும்.

“ஏனுங்க டீச்சர், எங்கூட்டுத் தண்ணி தொண்டையில எறங்காதுங்களா?” என்றேன்.

“ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்கம்மா. இன்னைக்கு வேண்டாங்க, அவ்வளவுதான்.”

“முந்தாநேத்தும் வேண்டாம், இன்னைக்கும் வேண்டாம். எங்கம்மாளுக்குக் கொட்டாங்கச்சியில ஊத்துனவங்களாச்சும் மனசுல இருக்கறத மறைக்கலீங்க.”

அவர் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, இனியாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வாரேனுங்க என்று மட்டும் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். இனியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பிறகு சித்திகா வரவில்லை.

உண்மையைச் சொல்கிறேன்: முதல் இரண்டு நாள் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நானே பாடம் நடத்துகிறேன் என்று இனியாவின் புத்தகத்தைத் திறந்தேன். நைட்ரஜன் சுழற்சி என்று ஒரு படம் இருந்தது. அம்புகள் எல்லாத் திசையிலும் போயின. அவை எங்கிருந்து கிளம்புகின்றன என்றே எனக்குப் பிடிபடவில்லை. இனியா மரியாதையாகப் புத்தகத்தை வாங்கி மூடி வைத்தாள். பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. மறுபடி லட்சுமிநாராயணனிடமா போவது?

ஒன்பதாம் நாள் ஜாக்கெட் வாங்கப் போனேன். ரம்ஷா கடையில் இருந்த இன்னொரு பெண் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவ நோம்பு புடிச்சிருந்தாங்கம்மா.”

“நோம்புக்கு இன்னும் நாள் கெடக்குதே, அம்மணி?”

“போன வருச நோம்புல உட்டுப்போன ஆறு நாளுங்க. அடுத்த நோம்பு வாரதுக்குள்ள புடிச்சுத் தீர்க்கோணும். உட்டு உட்டுத்தான் புடிக்கறா, இன்னும் ரெண்டு மூணு பாக்கி கெடக்குது. அந்த நாளு ஏன் உட்டுப்போச்சுன்னு கேட்டா, வயசுப்புள்ள எப்படிச் சொல்லுவா? பொம்பளைக்குப் பொம்பளை, நீங்கதான் புரிஞ்சுக்கோணும்.”

எனக்குப் புரிந்தது. தீட்டு நாளில் தோட்டத்து வேலைக்குப் போக முடியாமல், காரணம் சொல்லவும் முடியாமல் ஏச்சு வாங்கிய அம்மாவுக்கு மகள் நான். எனக்கல்லவா முதலில் புரிந்திருக்க வேண்டும்?

அங்கிருந்தபடியே உக்கடத்துக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரு பெரிய சொற்பொழிவைத் தயார் செய்துகொண்டு போனேன். சந்து முனையில் கலீல் ரஹ்மான் தார்ப்பாயைத் தரையில் விரித்து ஊசி கோத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து உள்ளே கூட்டிப் போய் நாற்காலி போட்டார், ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தேன். உள்ளறையிலிருந்து சித்திகா வந்து கதவை ஒட்டி நின்றார். சொற்பொழிவு தண்ணீரோடு உள்ளே போய்விட்டது.

“அம்மணி, நான் பேசுனது தப்பு. வயித்தெரிச்சல்ல பேசிப்போட்டேன்.”

“வயித்தெரிச்சலா? எம்மேலயா? எதுக்குங்கம்மா?”

“எம் பேத்தி உன்னைய மாதிரி சாச்சுச் சாச்சு எழுதறாளே, அதுக்குத்தான்.”

சித்திகா கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மறுநாள் நாலரைக்கு வந்தார். எங்கள் வீட்டில் எதையும் வாயில் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாவது நோம்பு முடிந்த அடுத்த நாள் அவராகவே, தண்ணி கொடுங்கம்மா என்று கேட்டு வாங்கிக் குடித்தார். மார்ச் பரீட்சையில் இனியா நூற்றுக்கு எண்பத்தொன்று வாங்கினாள். இப்போது மேட்டுப்பாளையத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஒன்பது நாள் அறுந்துகிடந்த படிப்பை நான் ஒரே ஒரு பஸ் பயணத்தில் ஒட்டவைத்தேன். அன்றைக்கு நான் உக்கடம் போகாமல் இருந்திருந்தால் இவள் காட்டியல் கல்லூரியின் கேட்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

இதுவரை எழுதியதை, லீவுக்கு வந்திருக்கும் இனியாவுக்கும் அவளைப் பார்க்க வந்த சித்திகாவுக்கும் இன்று மத்தியானம் வாசித்துக் காட்டினேன். இனியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்திகா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எல்லாஞ் சரிங்கம்மா, அந்த ஒம்பது நாளை மட்டும் திருத்திப்போடுங்க. பாடம் ஒரு நாளும் நிக்கலீங்க. பாப்பா பள்ளிக்கூடம் உட்டதும் நேரா எங்கூட்டுக்குத்தான் வந்துட்டிருந்தா. உங்ககிட்ட ஸ்பெஷல் கிளாஸுன்னு சொன்னாளாமே, அது நாந்தானுங்க. நீங்க சந்துக்குள்ள வாரதப் பார்த்துட்டு எங்கப்பா அவ ஷூவத் தார்ப்பாய்க்கு அடியில தள்ளி உட்டாரு. நீங்க தண்ணி குடிச்சப்ப அவ உள்ரூம்ல உக்காந்து நைட்ரஜன் சுழற்சிதான் போட்டுட்டிருந்தாங்க.”